தோட்டாவை உங்கள் பேரல் தேர்ந்தெடுக்கட்டும்

50 மீட்டர் ரைபிளுக்கு வந்திருக்கும் இளையோருக்கும், அவர்களுடைய பெற்றோருக்கும், ரைபிள் கிளப் நடத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே, அவர்களைப் பெற்றவர்களே, கிளப் நண்பர்களே,



2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலை ரைபிள் போட்டியில் வெண்கலம் வென்றார். அந்தப் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சிஃப்ட் கவுர் சம்ரா, அதே பிரிவின் மகளிர் போட்டியில் 469.6 புள்ளி எடுத்து உலக சாதனையோடு தங்கம் வாங்கியிருந்தார். ஏர் ரைபிளில் கை தேறியதும் அடுத்தது 50 மீட்டர்தான் என்று நீங்கள் துணிந்து வருவதில் எனக்கு மிகுந்த சந்தோஷம். வந்தவுடன் நீங்கள் கேட்கும் முதல் கேள்வியும் எனக்குத் தெரியும்: "எந்தத் தோட்டா நல்ல தோட்டா?"

நியாயமான கேள்விதான். ஏர் ரைபிள் பெல்லட்டோடு ஒப்பிட்டால் .22 தோட்டாவின் செலவு கையைக் கடிக்கும். போட்டித் தரமான தோட்டா பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது, நினைத்தபோது கிடைக்காது. அதனால் சீனியர் ஒருவர் ஒரு பெயரைச் சொன்னதும் அதையே வாங்கிவிடுகிறோம். விலை ஏறினால் குரூப், அதாவது டார்கெட்டில் விழும் துளைகளின் கூட்டம், சுருங்கும் என்று நம்பிவிடுகிறோம். இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். பெயர், விலை, வேகம் ஆகிய மூன்றையும் வைத்துத் தோட்டாவை எடை போட முடியாது. ஒப்பிட வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஒரே பெட்டியிலிருந்து அடுத்தடுத்து வரும் தோட்டாக்கள் உங்கள் பேரலில் எந்த அளவுக்கு ஒன்றுபோல நடந்துகொள்கின்றன? அதற்குப் பதில் சொல்லக்கூடியது உங்கள் பேரல் மட்டுமே.

முதலில் டார்கெட்டைப் பார்ப்போம். 50 மீட்டர் ரைபிள் டார்கெட்டில் பத்தாம் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். குண்டின் விட்டம் 5.6 மில்லிமீட்டர். துளையின் ஓரம் வட்டக் கோட்டைத் தொட்டாலே பத்து. கணக்குப் போட்டால், குண்டின் மையம் டார்கெட்டின் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். 10.0-வுக்கும் 10.1-க்கும் இடையே உள்ள தூரம் வெறும் 0.8 மில்லிமீட்டர். எல்லாமே பத்தாக வேண்டுமானால், சுட்ட துளைகள் அனைத்தும் வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் 21.6 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். அதுவும் குரூப் துல்லியமாக நடுவில் அமைந்தால். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெலாரஸ் வீரர் செர்கேய் மார்த்தினோவ், படுத்துச் சுடும் போட்டியின் தகுதிச் சுற்றில் 60 ரவுண்டையும் பத்தில் வைத்து 600-க்கு 600 எடுத்தார். அறுபதில் ஒரே ஒரு தோட்டா முரண்டு பிடித்திருந்தாலும் அந்த எண் வந்திருக்காது. நமக்கு வேண்டியது சொன்ன பேச்சைக் கேட்கும் தோட்டா. பலசாலித் தோட்டாவால் இங்கே பயனில்லை.

இனி ஒரு .22 லாங் ரைபிள் தோட்டாவைப் பெட்டியிலிருந்து எடுத்து விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். மொத்த நீளம் ஓர் அங்குலம். விரல் நுனியில் லேசான பிசுபிசுப்புத் தெரியும். அது ஈயக் குண்டின் மேல் பூசிய மெழுகு. குண்டின் எடை 40 கிரெயின், அதாவது 2.6 கிராம். குண்டின் உடலும் பித்தளைக் கூடும் ஏறக்குறைய ஒரே பருமன். குண்டின் வால்பகுதி மட்டும் ஒடுங்கிக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். 1887-ல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த அமைப்பு இது. இன்றைய ஒலிம்பிக் வரை மாறவில்லை. கூட்டின் அடியைத் திருப்பினால் நடுவில் பிரைமர் இருக்காது. தீப்பற்றும் கலவை அடிவிளிம்பின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது. தொழிற்சாலையில் ஈரக் கலவையைக் கூட்டுக்குள் இட்டு, வேகமாகச் சுழற்றி, மடிப்பு முழுவதும் பரவச் செய்கிறார்கள். ஃபயரிங் பின் விளிம்பை நசுக்கும் இடத்தில் அது பற்றிக்கொள்கிறது.

தோட்டாவுக்குத் தோட்டா வேறுபாடு நுழையும் வாசல்கள் எல்லாம் இங்கேயே இருக்கின்றன. கலவை ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் படியலாம். விளிம்பின் தடிமன் இம்மியளவு மாறலாம். உள்ளே இருக்கும் வெடிமருந்தே ஒன்றிரண்டு கிரெயின்தான். ஒரு கிரெயின் என்பது 65 மில்லிகிராம். அவ்வளவு சிறிய அளவில் சில துகள்கள் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் பெரிதாகத் தெரியும். கூடு குண்டைக் கவ்வியிருக்கும் பிடி ஒன்றில் இறுக்கமாகவும் மற்றொன்றில் தளர்வாகவும் இருக்கலாம். குண்டு மெத்தென்ற ஈயம். தரையில் விழுந்தால் நசுங்கும், நசுங்கிய குண்டு நேராகப் போகாது. கீழே விழுந்த தோட்டாவை எடுத்துத் துடைத்துச் சுடாதீர்கள் என்று கோச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் சின்னச் சின்ன வேறுபாடுகள் டார்கெட்டில் எப்படித் தெரியும்? போட்டித் தோட்டா பேரலிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 325 மீட்டர் வேகத்தில் கிளம்பி, 50 மீட்டரை நொடியில் ஆறில் ஒரு பங்கு நேரத்தில் கடக்கிறது. அதற்குள் புவியீர்ப்பு அதைப் பன்னிரண்டரை சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடும். சைட்டை அதற்கேற்ப ஏற்றிவைத்திருக்கிறோம். இப்போது ஒரு தோட்டா நொடிக்கு 10 மீட்டர் குறைவான வேகத்தில் கிளம்பினால், அது மற்றதைவிட ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் தாழ்ந்து விழும். 8 மில்லிமீட்டர் என்பது என்னவென்று மேலே பார்த்தோம்: பத்தின் மையத்திலிருந்து பத்தின் எல்லை வரை. உங்கள் மூச்சும் விரலும் கண்ணும் ஒரு தவறும் செய்யாமல், பத்து ஒன்பதாகக் கூடிய தூரம் அது. குரூப் மேலும் கீழுமாக நீண்டு வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த வேக ஏற்றத்தாழ்வைத்தான்.

"அப்படியானால் வேகமான தோட்டா வாங்கிவிடலாமே?" என்று பலர் கேட்கிறார்கள். கடையில் ஹை வெலாசிட்டி என்று எழுதிய .22 பெட்டியும் இருக்கிறது. நொடிக்கு 380 மீட்டர் வரை போகும். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 முதல் 350 மீட்டர். அந்தத் தோட்டா ஒலியைவிட வேகமாகக் கிளம்பி, போகும் வழியிலேயே ஒலிவேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்த எல்லையை ஒட்டிய வேகங்களில் காற்றின் எதிர்ப்பு மிகவும் கூடும், குண்டும் நிலைகுலையக்கூடும். போட்டித் தோட்டா அந்த எல்லைக்குக் கீழேயே கிளம்பி, கீழேயே பயணத்தை முடித்துவிடுகிறது.

பக்கக் காற்றின் கணக்கு இன்னும் ஆச்சரியமானது. காற்று ஒரு குண்டைத் தள்ளும் தூரம், அது பறக்கும் நேரத்தை மட்டும் பொறுத்ததன்று. காற்றெதிர்ப்பே இல்லாவிட்டால் எவ்வளவு நேரத்தில் போயிருக்குமோ, அதைவிட எவ்வளவு தாமதமாகிறது என்பதைப் பொறுத்தது. ஒலிவேக எல்லையில் மாட்டிக்கொள்ளும் வேகத் தோட்டாவுக்கு அந்தத் தாமதம் அதிகம். ஆகவே .22-ல் மெதுவான தோட்டாவைவிட வேகமான தோட்டாவையே காற்று கூடுதலாகத் தள்ளுகிறது. மெதுவான தோட்டாவைக்கூட நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசும் பக்கக் காற்று ஏழெட்டு மில்லிமீட்டர் தள்ளிவிடும். முகத்தில் பட்டும் படாமலும் போகும் காற்று அது. மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று எழும் சென்னையில் பழகுகிறவர்கள் இதை மனத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

உலகத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் விதிப்படி 50 மீட்டரில் 5.6 மில்லிமீட்டர் ரிம்ஃபயர், அதாவது அடிவிளிம்பில் பற்றும், லாங் ரைபிள் தோட்டாவுக்கு மட்டுமே இடம். இருந்தாலும் மற்றச் சிறு காலிபர் தோட்டாக்களின் கதையை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. ஒன்றுபோல இருப்பதே துல்லியம் என்ற பாடத்தை அந்தக் கதை எழுபது எண்பது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது.

1935-ல் வின்செஸ்டர் நிறுவனம் .220 ஸ்விஃப்ட் என்ற தோட்டாவைக் கொண்டுவந்தது. 48 கிரெயின் குண்டு, நொடிக்கு 1,250 மீட்டர் வேகம். வேகம்தான் துல்லியம் என்றால் எல்லாப் பந்தயமும் அதோடு முடிந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. 1950-ல் ரெமிங்டன் நிறுவனத்தின் மைக் வாக்கர் வடிவமைத்த .222 ரெமிங்டன் வந்தது. 50 கிரெயின் குண்டு, வேகம் நொடிக்கு 975 மீட்டர்தான். மேசைமேல் மணல்மூட்டையில் ரைபிளைச் சாய்த்து, ஐந்து ரவுண்டை ஒரே துளைக்குள் போடப் பார்க்கும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளை அது ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆண்டது. அளவான மருந்து, குறைவான உதைப்பு, ஒவ்வொரு ரவுண்டும் ஒரே மாதிரி. வேகத் தோட்டாவோ பேரலின் தொண்டைப் பகுதியைச் சீக்கிரம் அரித்துவிடும் என்று பேர் வாங்கியது.

1975-ல் லூயி பால்மிசானோ என்ற மருத்துவரும் ஃபெரிஸ் பிண்டெல் என்ற கருவி வல்லுநரும் சேர்ந்து, .220 ரஷ்யன் என்ற தோட்டாவின் கூட்டை மாற்றி வடிவமைத்து 6 மில்லிமீட்டர் பிபிசி தோட்டாவை உருவாக்கினார்கள். குட்டையான, பருத்த கூடு, சிறிய பிரைமர். மருந்து குள்ளமாகக் குவிந்து கிடப்பதால் ஒவ்வொரு முறையும் ஒரே சீராகப் பற்றுகிறது என்பது அதை ஆதரிப்பவர்களின் விளக்கம். 100, 200 கஜப் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் அதன் செல்வாக்கு இன்றும் குறையவில்லை. 100 கஜத்தில் ஐந்து ரவுண்டுகளின் மையங்களுக்கிடையே உள்ள அதிகபட்ச தூரம், பல குரூப்புகளின் சராசரியாக, 5 மில்லிமீட்டர் அளவுக்கு வந்தால்தான் அங்கே வெற்றியைப் பற்றிப் பேசலாம்.

அதே பிபிசியை 300 மீட்டருக்குக் கொண்டுபோனால் ராஜ்யம் கைமாறிவிடும். 65 முதல் 68 கிரெயின் வரையிலான அதன் குட்டைக் குண்டு தூரத்தில் காற்றுக்குத் தாங்காது. அங்கே 6 மில்லிமீட்டர் பிஆர் நோர்மா 105 கிரெயின் நீளக் குண்டோடு வருகிறது. வேகம் நொடிக்கு 860 மீட்டரை ஒட்டி. சுழலும் பம்பரம் எப்படி நிமிர்ந்து நிற்கிறதோ அப்படித்தான் குண்டும் சுழற்சியால் நிலைத்துப் போகிறது; குண்டு நீண்டால் சுழற்சியும் கூட வேண்டும். .22 பேரலில் உள்வரி, அதாவது குண்டைச் சுழற்றும் உட்புறச் சுழல்வரி, 16 அங்குலத்துக்கு ஒருமுறை சுற்றும். பிபிசி பேரலில் 14 அங்குலத்தை ஒட்டி, பிஆர் பேரலில் 8 அங்குலத்துக்கு ஒருமுறை. தோட்டாவையும் பேரலையும் பிரித்துப் பேசவே முடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். 300 மீட்டர் ரைபிள் 1972-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லை. உலகப் போட்டிகளில் இருக்கிறது. அங்கே பத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர். நொடிக்கு 10 மீட்டர் வேக வேறுபாடு 6 பிஆரை 300 மீட்டரில் 17 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் தாழ்த்தும். அதே வேறுபாடு .22-ஐ 100 மீட்டரிலேயே மூன்றரை சென்டிமீட்டர் தாழ்த்திவிடும். ஒரே குறை ஒரு தோட்டாவைக் கவிழ்க்கிறது, இன்னொன்றைச் சற்றே அசைக்கிறது. .22-க்கு அதனால்தான் நாம் இத்தனை கெடுபிடி காட்ட வேண்டியிருக்கிறது.

.223 ரெமிங்டன் பற்றியும் கேட்கிறீர்கள். உதைப்புக் குறைவு, செலவு குறைவு. 69 முதல் 80 கிரெயின் வரை நீளக் குண்டுகள் உண்டு. உள்வரி 7 அல்லது 8 அங்குலச் சுற்றில் இருந்தால் அவற்றைக் கொண்டு 600 கஜம் வரை அமெரிக்காவில் போட்டியிடுகிறார்கள். 2002-ல் வந்த .17 எச்எம்ஆர் ரிம்ஃபயர் வகையில் வேகமானது. ஆனால் 17 கிரெயின் குண்டு, சிறு பிராணி வேட்டைக்கென்று வந்தது. நம் போட்டியில் அதற்கு இடமில்லை. ஆக எல்லாத் தோட்டாவுக்கும் சொந்த ஊர் என்று ஒரு தூரம் இருக்கிறது. ஊர் மாறினால் கெட்டிக்காரத் தோட்டாவும் திணறும்.

கூட்டின் அடியில் நடுவே பிரைமர் உள்ள சென்டர்ஃபயர் தோட்டாவைச் சுடும் வீரர்களுக்கும் நமக்கும் இடையே முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. வெளிநாடுகளில் அவர்கள் தங்கள் தோட்டாவைத் தாங்களே தயாரிக்கிறார்கள். கூட்டைத் தேர்ந்து, மருந்தை நிறுத்து, தங்கள் பேரலுக்குப் பொருந்தும்வரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ரிம்ஃபயரில் அது முடியாது. தொழிற்சாலை மூடித் தருவதுதான் தோட்டா. ஆகவே நமக்குத் தேர்வு மட்டுமே கையில் இருக்கிறது. பெட்டியின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் லாட் எண்ணில்தான் அந்தத் தேர்வு தொடங்குகிறது.

லாட் என்றால் ஒரே இயந்திரத்தில், ஒரே மூலப்பொருளில், ஒரே ஓட்டத்தில் செய்த தொகுதி. லாட் மாறினால் மருந்தின் தன்மை மாறும், கலவை மாறும், இயந்திரத்தின் அமைப்பும் கொஞ்சம் மாறும். ஈலி டெனெக்ஸ், லாபுவா எக்ஸ்-ஆக்ட், ஆர்டபிள்யூஎஸ் ஆர் 50 எல்லாமே பெரிய பெயர்கள்தாம். ஆனால் ஒரே பெயரில் வரும் இரண்டு லாட்களுக்கிடையே உள்ள வேறுபாடு, சில சமயம் இரண்டு கம்பெனிகளுக்கிடையே உள்ளதைவிடப் பெரிதாக இருக்கும். செய்து முடித்த லாட்களைச் சோதித்துப் பார்த்துத்தான் உயர்ந்த பெயரா, அடுத்த பெயரா என்று தரம் பிரிப்பதும் இந்தத் தொழிலில் உண்டு. அந்தச் சோதனை நடப்பது அவர்களுடைய பேரலில். உங்கள் பேரலில் நடுத்தர விலை லாட் ஒன்று முதல் தரத்தை முந்துவது அதிசயமே அல்ல. உங்கள் அணியில் பக்கத்து லேனில் சுடுபவருக்குப் பிடித்த லாட் உங்கள் ரைபிளில் சிதறினால், அதற்காக உங்கள் ரைபிளையோ உங்களையோ நொந்துகொள்ள வேண்டாம்.

இதனால்தான் உலகத்தின் முன்னணி வீரர்கள் பேரலோடு தொழிற்சாலைக்கே போகிறார்கள். ஜெர்மனியின் ஷோனபெக்கில் லாபுவாவும், இங்கிலாந்தின் பர்மிங்காம் பகுதியில் ஈலியும் இதற்கென்றே காற்று வீசாத சோதனைத் தளங்கள் வைத்திருக்கின்றன. ரைபிளைப் பிடிமானத்தில் இறுக்கி, லாட் லாட்டாகச் சுட்டு, எது பொருந்துகிறதோ அதை ஒதுக்கி வாங்கிக்கொள்ளலாம். எல்லோராலும் அங்கே போக முடியாது. ஆனால் அந்த முறையின் சாரத்தை நம் சுடுதளத்திலேயே கைக்கொள்ளலாம்.

அதற்கு ஒரு லாட்டுக்கு 50 தோட்டா கொண்ட ஒரு பெட்டி போதும். விடிகாலையில், காற்று எழுவதற்கு முன் தொடங்குங்கள். பெஞ்சில் மணல்மூட்டை வைத்து ரைபிளைச் சாய்த்துக்கொள்ளுங்கள். முதல் பத்து ரவுண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு கம்பெனியின் மெழுகும் வேறு, புதிய மெழுகு பேரலுக்குள் படிய அந்தப் பத்து வேண்டும். மிச்சம் நாற்பதைப் பத்துப் பத்தாக நான்கு குரூப் சுடுங்கள். காற்றுக்கொடி அசைந்தால் நிறுத்துங்கள், அடங்கியபின் தொடருங்கள். ஒரே கம்பெனியின் மூன்று லாட்களைச் சோதிக்கிறீர்கள் என்றால், குரூப்புக்குக் குரூப் வரிசையை மாற்றிச் சுடுங்கள். கடைசியில் சுட்ட லாட்டின்மேல் உங்கள் களைப்பும் ஏறிய வெயிலும் சுமையாகிவிடக் கூடாது.

ஒரு குரூப்பில் ஒன்று மட்டும் தனியாக ஓடிப்போய் விழும். "அது என் கை அசைந்ததால் வந்தது" என்று தள்ளிவிட ஆசை வரும். ஸ்கிரீனைப் பார்ப்பதற்கு முன்பே, ட்ரிகர் விட்ட அந்தக் கணத்திலேயே "தப்பு" என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் மட்டும் தள்ளுங்கள். பார்த்தபின் தள்ளுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. அந்த ஓடுகாலித் துளையைக் கண்டுபிடிக்கத்தான் இந்தச் சோதனையே நடக்கிறது.

ஐந்து ரவுண்டு சுட்டுவிட்டு "அபார லாட்" என்று அறிவிக்காதீர்கள். சராசரியாக 15 மில்லிமீட்டர் குரூப் தரும் ஒரு லாட், ஐந்து ரவுண்டில் ஒருமுறை 11-ம் மறுமுறை 19-ம் காட்டுவது சர்வசாதாரணம். அந்த 11-ஐப் படமெடுத்து வைத்துக்கொண்டு பெட்டி பெட்டியாக வாங்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான். இன்னொன்று: அதே லாட்டை ஐந்துக்குப் பதில் பத்து ரவுண்டு சுட்டால் குரூப் கால்பங்கு அளவுக்குப் பெரிதாகத் தெரியும், எண்ணிக்கை வேறான குரூப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். எலக்ட்ரானிக் டார்கெட் இருந்தால் ஒவ்வொரு துளையும் குரூப்பின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்து அவற்றின் சராசரியை எடுங்கள். ஓரத்துத் துளைகள் இரண்டை மட்டும் அளப்பதைவிட, நாற்பது துளையையும் சாட்சிக்கு அழைப்பது நேர்மையான கணக்கு.

நம் வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயத்லான் போட்டி 1978 முதல் .22-ல்தான் நடக்கிறது, உறைபனியில் ஒழுங்காகப் பற்றுவதற்கென்றே தனித் தோட்டா செய்கிறார்கள். குளிர் ஒரு தோட்டாவை மாற்றுமென்றால் சித்திரை வெயிலும் மாற்றும். ஐரோப்பாவின் சோதனைத் தளத்தில் தேறிய லாட்டை இங்கே வந்ததும் ஒருமுறை சுட்டுச் சரிபாருங்கள். பெட்டியைப் பூட்டிய காரில் விடாதீர்கள். படுத்துச் சுடும் பாயின்மேல் வெயில் படும் இடத்தில் திறந்துவைக்காதீர்கள். சூடேறிய சேம்பரில் தோட்டாவைப் போட்டுவிட்டு நெடுநேரம் குறிபார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

பெற்றோர்களே, இப்போது உங்களிடம். பிள்ளைக்கு ஆரம்பத்திலேயே மிக விலையுயர்ந்த தோட்டா வாங்கித் தர வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கணக்கே பதில் சொல்லும். வீரரின் அசைவும் தோட்டாவின் சிதறலும் நேராகக் கூடுவதில்லை. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். பிள்ளையின் அசைவு 30 மில்லிமீட்டர், தோட்டாவின் சிதறல் 20 என்றால் மொத்தம் 36. தோட்டாவை மாற்றிச் சிதறலை 14 ஆக்கினால் மொத்தம் 33. செலவழித்த பணத்துக்குக் கிடைத்தது 3 மில்லிமீட்டர். அதே பணத்தில் கூடுதலாகச் சில பெட்டி பயிற்சித் தோட்டாவும் நல்ல கோச்சின் நேரமும் கிடைத்தால், பிள்ளையின் அசைவு 15-க்கு இறங்கும். அப்போது 20 சிதறல் உள்ள தோட்டாவோடு மொத்தம் 25. 14 உள்ள தோட்டாவோடு இருபதரை. நல்ல தோட்டாவின் அருமை தெரியும் காலம் அதுதான். முதலில் பிள்ளையின் நிலையில் செலவழியுங்கள், பிறகு தோட்டாவில். போட்டிக்குச் சில வாரங்கள் முன்பிருந்து, போட்டியில் சுடப்போகும் அதே லாட்டில் பழக விடுங்கள்.

கிளப் நண்பர்களே, இந்த மடலின் முக்கியமான வேண்டுகோள் உங்களுக்குத்தான். ஆர்டர் போடும்போது பெயரோடு நிறுத்தாமல் லாட் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். வந்த சரக்கில் லாட்களைக் கலக்காதீர்கள். ஒரே லாட்டை ஒருவருக்குத் தொடர்ந்து கொடுங்கள். ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் ஒரு காலையைச் சோதனைக்கென்று ஒதுக்குங்கள். கிளப் உரிமத்துக்கு உட்பட்டு, சுடுதளத்துக்குள்ளேயே, ஒவ்வொரு லாட்டிலும் ஒரு பெட்டியைத் திறந்து உறுப்பினர்கள் தங்கள் ரைபிளில் பார்க்கட்டும். யாருடைய பேரலில் எந்த லாட் எப்படிப் போனது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்து, எல்லோரும் புரட்டும் இடத்தில் வையுங்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஜெர்மனிக்குப் போய்த் தெரிந்துகொள்வதில் பாதியையாவது, வசதியில்லாத வீட்டுப் பிள்ளை அந்த நோட்டிலிருந்து தெரிந்துகொள்ளும். இந்த விளையாட்டு பணக்காரர்களுக்கு மட்டும் என்ற பேச்சை முறியடிக்க இது ஒரு நேரான வழி.

தம்பி தங்கைகளே, எல்லாவற்றுக்கும் மேலான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தோட்டா விளையாட்டுச் சாமான் அல்ல. உரிமத்தில் பதியாத ஒரு தோட்டாகூட உங்கள் பையில் இருக்கக் கூடாது. எவருக்கும் கைமாற்றக் கூடாது. ட்ரிகர் இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் ரைபிளை டார்கெட் பக்கமே பிடித்தபடி அரை நிமிடம் காத்திருந்து, ரேஞ்ச் ஆபீசரிடம் சொல்லிவிட்டுத்தான் போல்ட்டைத் திறக்க வேண்டும். சுட்டு முடித்ததும் கையை நன்றாகக் கழுவாமல் சாப்பாட்டைத் தொடாதீர்கள். ஈயம் உடம்புக்கு ஆகாது.

அடுத்த முறை யாராவது உங்களிடம் "எந்தத் தோட்டா நல்ல தோட்டா?" என்று கேட்டால், ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். உங்கள் நோட்டைக் காட்டுங்கள். "உன் பேரலில் நாற்பது சுட்டுப் பார், நான் கூட இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். ஒவ்வொரு கிளப்பிலும் அப்படிச் சொல்ல நாலு பேர் இருந்தால், நம் பிள்ளைகள் போட்டி நாளன்று தோட்டாவைப் பற்றிய சந்தேகமே இல்லாமல் ஃபயரிங் பாயின்ட்டில் நிற்பார்கள். மிச்சமுள்ளதை அவர்களுடைய உழைப்பு பார்த்துக்கொள்ளும்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
உங்கள் சுடுதளத் தோழர் ஒருவர்